ஹோஷினோ கென்: பாட்டெழுதிப் பாடும் ஜப்பானிய நடிகர்

ஜப்பான் என்றதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருபவை புல்லட் ரயில், கார், காமிரா, கைக்கடிகாரம் ஆகியவைதாம். ரயில்வேயில் பொறியாளனாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கும், 1964 அக்டோபர் 1ஆம் தேதி ஓடத் தொடங்கிய ஷின்கான்சென் வழியாகத்தான் அந்த நாடு முதலில் அறிமுகமாயிற்று. ஆனால் ஒரு நாட்டை அதன் இயந்திரங்களைக் கொண்டு மட்டும் அறிந்துவிட முடியாது. வேலை முடிந்து வீடு திரும்பும் மக்கள் எந்தப் பாட்டை முணுமுணுக்கிறார்கள், எந்த நாடகத்துக்காகத் தொலைக்காட்சி முன் அமர்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். அவ்வகையில், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர், நடிகர், கட்டுரையாளர் என்று பல நிலைகளிலும் ஜப்பானிய மக்களின் அன்பைப் பெற்ற ஹோஷினோ கென் என்பவரைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

பெயரும் பொருளும்

ஜப்பானியர் குடும்பப் பெயரை முன்னும், சொந்தப் பெயரைப் பின்னும் சொல்வர். ஹோஷினோ என்பது குடும்பப் பெயர். அதை எழுதும் இரண்டு எழுத்துகளுக்கும் ‘விண்மீன்’, ‘வெளி’ என்று பொருள். கென் என்பது இவருடைய பெயர். ‘கெஜம்’ என்னும் சொல்லில் உள்ளது போல முதலெழுத்தை அழுத்தி ஒலிக்க வேண்டும். அதற்கு ‘ஊற்று’, ‘மூலம்’ என்று பொருள். டோக்கியோவுக்கு வடக்கே உள்ள சைத்தாமா மாநிலத்தில், வராபி என்ற சிறு நகரில் 1981 ஜனவரி 28ஆம் தேதி பிறந்தார்.

இவருக்கு முன்பு இருந்த நிலை

பாட்டை எழுதி, தானே மெட்டமைத்துத் தானே பாடுவது இன்று இயல்பாகத் தோன்றுகிறது. ஜப்பானில் ஒரு காலத்தில் அப்படியில்லை. பாட்டை ஒருவர் எழுதுவார், இன்னொருவர் மெட்டமைப்பார், மூன்றாமவர் பாடுவார். 1961இல் வெளிவந்து, 1963இல் அமெரிக்காவின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற ‘உவே ஓ முயிதே அருக்கோ’ என்ற பாட்டே இதற்குச் சான்று. அதை எழுதியவர் எய் ரோக்குசுக்கே. இசையமைத்தவர் நாக்காமுரா ஹச்சிதாய். பாடியவர் சாக்காமோத்தோ கியூ. உலகம் அறிந்ததோ பாடியவரை மட்டுமே.

இந்தப் பிரிவினையை உடைத்தவர்களுள் கயாமா யூஸோ முக்கியமானவர். 1937இல் பிறந்த இவர் திரைப்பட நடிகர். குரோசாவா 1965இல் எடுத்த ‘செந்தாடி’ படத்தில் இளம் மருத்துவராக நடித்தவர். தான் பாடும் பாட்டுகளுக்குத் ‘தான் கோசாக்கு’ என்ற புனைபெயரில் தானே இசையமைத்தார். நடிகர் பாடுவது பழைய செய்தி. நடிகரே இசையை ஆக்குவது அன்று புதிது. பின்னர் 1970களில் பாட்டெழுதிப் பாடும் இளைஞர்கள் பெருகினர். 1978இல் ஹோசோனோ ஹருவோமி, தாக்காஹாஷி யுக்கிஹிரோ, சாக்காமோத்தோ ரியுயிச்சி ஆகிய மூவரும் ‘எல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற குழுவை அமைத்து மின்னணு இசையில் புதுவழி கண்டனர். இம்மூவருள் சாக்காமோத்தோ ரியுயிச்சி 1987இல் வெளிவந்த ‘கடைசிச் சக்கரவர்த்தி’ படத்தில் நடித்ததோடு, அதன் இசைக்காக ஆஸ்கார் விருதையும் மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்டார். ஆகவே இசை, நடிப்பு என்ற இரண்டு துறைகளிலும் கால் வைத்தவர்களில் ஹோஷினோ முதல்வர் அல்லர். அந்த வரிசையில் வந்தவர்.

இரண்டு வேலைகள்

பள்ளியில் படிக்கும்போதே கிட்டாரும் மேடை நாடகமும் இவருக்குப் பழக்கமாயின. 2000இல் பள்ளித் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு ‘சாக்கேராக்’ என்ற இசைக்குழுவைத் தொடங்கினார். அது பெரும்பாலும் வாய்ப்பாட்டு இல்லாத, கருவி இசைக்குழு. ஹோஷினோ கிட்டாரும், மரப்பட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பாவும் வாசித்தார். மறுபுறம் ‘ஒத்தோனா கெய்க்காக்கு’ என்ற நாடகக் குழுவைச் சேர்ந்து மேடையிலும் தொலைக்காட்சியிலும் சிறு வேடங்கள் ஏற்றார்.

‘இரண்டில் ஒன்றை விட்டுவிடு’ என்ற அறிவுரை இளமையில் அவருக்குக் கிடைத்தது. இது நமக்கும் பழக்கமான அறிவுரைதான். இரண்டிலும் தாம் முதல் தரம் என்று அவர் எண்ணியதில்லை. இரண்டும் பிடித்திருந்தன. எனவே இரண்டையும் செய்தார். அதற்கு மேல் எழுதவும் தொடங்கினார். 2009இல் வெளிவந்த முதல் கட்டுரை நூலின் தலைப்பு ‘பிறகும் வாழ்க்கை நடக்கிறது’ என்ற பொருள் தருவது. உரிய நாளில் டெலிபோன் பில் கட்டுவது போன்ற அன்றாட வேலைகளில் தமக்குள்ள தடுமாற்றங்களையே அதில் நகைச்சுவையுடன் எழுதினார். அன்றாட வாழ்வை அக்கறையோடு பார்க்கும் இந்தப் பார்வை அவருடைய பாட்டு, நடிப்பு, எழுத்து மூன்றுக்கும் பொது.

தனியாகப் பாட வேண்டும் என்று அவரைத் தூண்டியவர் மேலே குறிப்பிட்ட ஹோசோனோ ஹருவோமி. அவ்வாறு 2010இல் ‘பாக்கா நோ உத்தா’ வெளிவந்தது. ‘முட்டாளின் பாட்டு’ எனலாம். அதன் முதல் பாட்டு ‘பராபரா’. நம் தாயுமானவரின் பராபரக் கண்ணிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஜப்பானிய மொழியில் இதற்குத் ‘தனித்தனியாக’, ‘சிதறலாக’ என்று பொருள். எல்லோரும் ஒன்றாகிவிடுவோம் என்று பாடுவதுதான் உலக வழக்கம். இந்தப் பாட்டோ, நாம் ஒன்றாக முடியாது, தனித்தனியாகவே இருப்போம், அதில் தவறில்லை என்ற கருத்தைச் சொல்கிறது. இக்கருத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நோயும் மீட்சியும்

2012 டிசம்பரில், ஒலிப்பதிவு ஒன்றை முடித்த சற்று நேரத்தில், 31 வயதான ஹோஷினோ நிலைகுலைந்து விழுந்தார். மூளையைப் போர்த்தியுள்ள சவ்வுகளுக்கு இடையே இரத்தக் கசிவு ஏற்பட்டிருந்தது.

இந்நோயின் தன்மையை ஒரு பொறியாளனின் மொழியில் சொல்கிறேன். இரத்தக் குழாயின் சுவரில் பலவீனமான ஓரிடம் உள்ளழுத்தத்தால் பலூன் போலப் புடைக்கிறது. புடைக்கப் புடைக்க அதன் விட்டம் கூடுகிறது, சுவரோ மெலிகிறது. அழுத்தம் அதே அளவில் இருந்தாலும், விட்டம் கூடினால் சுவர் தாங்க வேண்டிய இழுவிசை கூடும். சுவர் மெலிந்தால் அது மேலும் கூடும். நீராவி இஞ்சின் காலத்தில் பாய்லர் தகட்டில் ஒரு புடைப்பைக் கண்டால் வண்டியை ஓடவிட மாட்டோம். காரணம் இதே கணக்குதான். தகட்டின் புடைப்பைக் கண்ணால் காணலாம். மூளைக்குள் இருப்பதைக் காண முடியாது. வெடித்த பிறகே பெரும்பாலும் தெரியவரும்.

சிகிச்சை முறைகள் இரண்டு. ஒன்று, தொடைப் பக்கத்து இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்தி, புடைப்புக்குள் உலோகச் சுருள்களை நிரப்பி அடைப்பது. மற்றொன்று, மண்டையோட்டைத் திறந்து புடைப்பின் கழுத்தில் சிறு கவ்வியைப் பொருத்துவது. ஹோஷினோவுக்கு முதலில் சுருள் முறையில் சிகிச்சை நடந்தது. 2013இல் பணிக்குத் திரும்பினார். ஆனால் அதே ஆண்டு ஜூன் மாதப் பரிசோதனையில் சிக்கல் மீண்டும் தலைகாட்டவே, எல்லா வேலைகளையும் நிறுத்தினார். புடோக்கான் அரங்கில் நடக்கவிருந்த அவருடைய கச்சேரி ரத்தாயிற்று. இரண்டாம் முறை மண்டையோட்டைத் திறந்தே சிகிச்சை செய்தனர். 2014 பிப்ரவரியில் அதே புடோக்கான் மேடையில் ஏறிப் பாடினார்.

இங்கே ஒரு பொதுநலச் செய்தியையும் சொல்லிவிடுவது நல்லது. முன்னெப்போதும் கண்டிராத கடுமையான தலைவலி திடீரென்று, இடி விழுந்தாற்போல வந்தால், தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயது குறைவு என்பது இதற்குக் காப்பு அல்ல என்பதற்கு இந்தக் கலைஞரே சான்று.

படுக்கையில் கிடந்த நாட்களைப் பற்றி இவர் பின்னர் எழுதியவற்றில் அழுகை குறைவு, சிரிப்பு அதிகம். வலியை மறைக்கவில்லை. ஆனால் வலியினூடே தோன்றும் அபத்தங்களைக் கவனிக்கத் தவறவும் இல்லை. 2017இல் நூலாக வெளிவந்த கட்டுரைத் தொகுப்புக்கு ‘இனோச்சி நோ ஷாசோ காரா’ என்று பெயரிட்டார். ‘ஷாசோ’ என்றால் வண்டியின் ஜன்னல். ‘உயிரின் ஜன்னலிலிருந்து’ என்று சொல்லலாம். உடலை ஒரு வண்டியாகவும், தம்மை அதன் உள்ளே அமர்ந்து ஜன்னல் வழியே பார்க்கும் பயணியாகவும் கருதும் கற்பனை அது. வண்டி பழுதாகிப் பணிமனைக்குப் போய்வந்த பிறகு, ஜன்னலுக்கு வெளியே தெரியும் சாதாரணக் காட்சியும் அருமையாகிவிடுகிறது.

மஞ்சள் இசை

உடல் தேறியபின் இவர் இசையில் ஒரு மாற்றம் தெரிந்தது. முன்பு பெரும்பாலும் கிட்டாரோடு அமைதியாகப் பாடியவர், இப்போது ஆட வைக்கும் பாட்டுகளைச் செய்தார். 2015 டிசம்பரில் ‘எல்லோ டான்சர்’ என்ற தொகுப்பு வெளிவந்து விற்பனையில் முதலிடம் பெற்றது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் முதலிய இசைவகைகளை இவர் இளமை முதல் விரும்பிக் கேட்டவர். அவற்றை அப்படியே நகலெடுக்காமல், தாம் ஜப்பானியர் என்பதை மறக்காமல் உள்வாங்கி, வெளிவந்ததற்கு ‘மஞ்சள் இசை’ என்று பெயரிட்டார். இப்பெயரில் ஹோசோனோவின் குழுப் பெயரும் எதிரொலிக்கிறது. அயல்நாட்டுப் பொருளை வாங்கி, பிரித்துப் பார்த்து, தன் தேவைக்கு ஏற்பத் திருத்தி அமைப்பது ஜப்பானியத் தொழில்துறையில் நாம் அறிந்த முறை. இசையிலும் அதையே காண்கிறோம்.

அதே ஆண்டு டிசம்பர் 31இல் ‘கோஹாக்கு’ நிகழ்ச்சியில் முதன்முதலாகப் பாடினார். கோஹாக்கு என்பது 1951 முதல் அரசு சார்ந்த ஒலிபரப்பு நிறுவனமான என்.ஹெச்.கே. நடத்திவரும் ஆண்டிறுதிப் பாட்டுப் போட்டி. பாடகர்கள் சிவப்பணி, வெள்ளையணி என்று பிரிந்து பாடுவர். அதில் அழைப்புப் பெறுவது பெரும் கௌரவம்.

வீட்டு வேலைக்குச் சம்பளம்

ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு வழக்கம் உண்டு. தொடர் நாடகத்துக்கு ஒரு தனிப்பாட்டு எழுதுவிப்பர். நாடகம் பாட்டையும், பாட்டு நாடகத்தையும் பரப்பும். அங்கே இதை ‘தைஅப்பு’ என்பர். அந்தப் பாட்டை எழுதியவரே நாடகத்தின் நாயகனாகவும் அமைந்தால் என்னாகும் என்பதை 2016 காட்டியது.

அந்த ஆண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை டி.பி.எஸ். நிறுவனம் ஒளிபரப்பிய நாடகத்தின் தலைப்பு, ‘ஓடுவது வெட்கம்தான், ஆனால் உதவும்’ என்ற பொருள்படும். உமினோ சுனாமியின் சித்திரக்கதையைத் தழுவியது. மேற்படிப்பு முடித்தும் வேலை கிடைக்காத மிக்குரி என்ற பெண், ஹிராமாசா என்ற கூச்ச சுபாவமுள்ள கம்ப்யூட்டர் பொறியாளர் வீட்டில் வீட்டு வேலைக்குச் சேர்கிறாள். பிறகு இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர். ஊருக்குக் கணவன் மனைவி, உள்ளே முதலாளியும் ஊழியரும். வேலை நேரம், சம்பளம், விடுமுறை எல்லாம் எழுத்தில் உண்டு. மிக்குரியாக அராகாக்கி யுயி நடித்தார். பொறியாளராக ஹோஷினோ நடித்தார்.

பின்னர் இருவருக்கும் உண்மையாகவே அன்பு உண்டாகிறது. பொறியாளர் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். திருமணம் செய்துகொண்டால் சம்பளம் மிச்சமாகும். மகிழ்ச்சியோடு இதைச் சொல்கிறார். அவளோ, அன்பின் பெயரால் உழைப்பை இலவசமாகப் பெறுவதும் சுரண்டல்தானே என்று கேட்கிறாள். இந்தக் கேள்வியைக் கேட்டபின் கதை பழைய பாதையில் போக முடியாது. குடும்பத்தை இருவரும் கூட்டு நிர்வாகிகளாக நடத்தும் சோதனையில் கதை முடிகிறது.

முதல் வாரம் 10.2 சதவீதமாக இருந்த பார்வையாளர் அளவு, 11ஆம் வாரமான இறுதியில் 20.8 சதவீதமாயிற்று. நாடக முடிவில் நடிகர்கள் ஆடிய ‘கோய்’ பாட்டின் நடனம் நாடெங்கும் பரவியது. அன்று டோக்கியோவில் அமெரிக்கத் தூதராக இருந்த கரோலைன் கென்னடி தம் அலுவலர்களோடு அதை ஆடிக் காணொளி வெளியிட்டார். பாட்டின் 90 வினாடிகள் வரை வைத்து மக்கள் தம் நடனக் காணொளிகளை வெளியிட இசைத்தட்டு நிறுவனமும் சிறிது காலம் இசைவளித்தது.

‘கோய்’ என்றால் காதல். ஜப்பானியத்தில் அன்பு என்ற பரந்த பொருளுக்கு ‘ஆய்’ என்ற சொல்லும், காதல் ஏக்கத்துக்குக் ‘கோய்’ என்ற சொல்லும் தனித்தனியே உண்டு. இப்பாட்டு காதலைக் கணவன் மனைவி என்ற சட்டகத்துக்குள் அடைக்காமல், அதைக் கடந்து நோக்குகிறது. நாடகத்தில் தம்பதியாக நடித்த இருவரும் தாம் மணம் புரியப்போவதை 2021 மே 19ஆம் தேதி அறிவித்தனர்.

நடிகர் என்ற நிலையில்

2013இல் வெளிவந்த ‘ஹக்கோயிரி முசுக்கோ நோ கோய்’ என்ற திரைப்படத்தில் நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கும் 35 வயதுக் கூச்சக்காரராக நடித்தார். பெண் பார்க்கும் ஏற்பாட்டில் பார்வையற்ற பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கும் வேடம். 2019இல் என்.ஹெச்.கே.யின் ‘இதாத்தென்’ என்ற வரலாற்றுத் தொடரில் ஹிராசாவா கஸுஷிகே என்ற உண்மை மனிதராக நடித்தார். 1959இல் ம்யூனிக் நகரில் பேசி 1964 ஒலிம்பிக்கை டோக்கியோவுக்குப் பெற உதவியவர் இந்த ஹிராசாவா. தொடக்கத்தில் குறிப்பிட்ட ஷின்கான்சென், அந்த ஒலிம்பிக் தொடங்குவதற்கு 9 நாட்கள் முன்பு ஓடியது என்பதை ரயில்வே நண்பர்கள் அறிவர். 2020இல் ‘எம்.ஐ.யு. 404’ தொடரில் காவல்துறைத் துப்பறிவாளராக வந்தார். வெளிநாட்டிலிருந்து தொழிற்பயிற்சி என்ற பெயரில் வரும் இளைஞர்களின் அவலத்தையும் அத்தொடர் பேசியது.

இவர் ஏற்ற முக்கிய வேடங்களில் பல, வாய்ச்சொல் குறைந்த, உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் மனிதர்கள். உரக்கப் பேசி நடிப்பதில்லை. பேச வேண்டிய இடத்தில் அரை நொடி தயங்குவதே இவர் நடிப்பின் சிறப்பு. தாளம் தெரிந்தவருக்குத் தயக்கத்தின் அளவும் தெரியும் போலும்.

நம் வீட்டுக் குழந்தைகளும் இவரோடு தொடர்புடையவர்களே. நம் நாட்டுத் தொலைக்காட்சியிலும் வரும் டோரேமான் என்ற நீலப்பூனைப் பொம்மைப் படத்துக்காக, 2018இல் ‘டோரேமான்’ என்ற பாட்டை இவர் எழுதினார். 2019 அக்டோபரில் அது ஜப்பானியத் தொடரின் தொடக்கப் பாட்டாகவும் ஆனது.

வீட்டிலிருந்தே ஆடிய பாட்டு

2020 ஏப்ரல் தொடக்கத்தில் கொரோனா பரவல் காரணமாக மக்கள் வீட்டுக்குள் இருந்தனர். கச்சேரிகள் நின்றன. ஏப்ரல் 3ஆம் தேதி ஹோஷினோ தம் வீட்டில் அமர்ந்து கிட்டார் வாசித்துப் பாடிய ஒரு சிறு காணொளியை வெளியிட்டார். பெயர் ‘உச்சி தே ஒதோரோ’, அதாவது ‘வீட்டில் ஆடுவோம்’. வேறு வாத்தியம் இல்லை. வேண்டுபவர்கள் தம் இசையையோ பாட்டையோ நடனத்தையோ இதன்மேல் சேர்க்கலாம் என்று இடம் விட்டிருந்தார். தொழில்முறைக் கலைஞர்களும் சாதாரண மக்களும் ஆயிரக்கணக்கில் சேர்த்தனர்.

ஏப்ரல் 12ஆம் தேதி அப்போதைய பிரதமர் அபே ஷின்ஸோவும், ஒரு பாதியில் ஹோஷினோ பாட, மறுபாதியில் தாம் வீட்டில் நாயைக் கொஞ்சுவதும் தேநீர் அருந்துவதுமாக ஒரு காணொளி வெளியிட்டார். வேலையும் வருமானமும் இழந்து தவித்த மக்கள் பலர் இதைக் கடுமையாகக் கண்டித்தனர். ஹோஷினோ சண்டைக்குப் போகவில்லை. மற்றவர்களைப் போலவே பிரதமர் தரப்பிலிருந்தும் தமக்கு முன்னரோ பின்னரோ எந்தத் தகவலும் வரவில்லை என்ற உண்மையை மட்டும் தெரிவித்தார். எல்லோருக்கும் திறந்து வைத்த கதவில் அதிகாரமும் நுழையும். கதவைச் சாத்தாமலும், வந்தவருக்குத் தாம் துணைபோனதாக எண்ண இடம் கொடுக்காமலும் இருப்பது எளிதன்று. அதை அவர் சில சொற்களில் செய்தார்.

பாடம் யாது?

மேலே நினைவில் வைக்கச் சொன்ன ‘பராபரா’வுக்கு வருவோம். ரயில் பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு பெட்டிகளைச் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் ஒன்றோடொன்று பற்றவைத்துவிடலாமே? அப்படிச் செய்தால் முதல் வளைவிலேயே வண்டி தடம் புரளும். ஒவ்வொரு பெட்டியும் தன் சக்கரங்களின் மேல் தனியாக நின்று, இணைப்பில் சிறிது அசைவுக்கு இடமிருந்தால்தான் வளைவில் திரும்ப முடியும். தனித்தனியாக இருப்பதும் சேர்ந்து போவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

2010இல் இவர் பாடியது இதைத்தான். 2016 நாடகத்தில் கணவனும் மனைவியும் தேடியது இந்த இடைவெளியைத்தான். 2020இல் அவரவர் வீட்டில் இருந்தபடியே ஒரே பாட்டில் மக்கள் சேர்ந்ததும் இப்படித்தான். 2024 டிசம்பர் 31இல் கோஹாக்கு மேடையில், கிட்டாரை மட்டும் துணைகொண்டு இவர் பாடிய பாட்டும் ‘பராபரா’வே.

ஊரை விட்டு வெளிமாநிலத்தில் வாழும் நமக்கும் இக்கருத்து அந்நியமானதல்ல. பக்கத்து வீட்டாரின் மொழியாக நாம் மாறிவிடவும் வேண்டாம், அவரை விட்டு விலகி நிற்கவும் வேண்டாம். வீட்டில் அடுப்படி வேலை செய்பவரின் உழைப்பைக் கணக்கில் எழுதிப் பார்க்கும் துணிவும் நமக்கு வேண்டியதே.

இவருடைய பாட்டுகளை அறிய விரும்பும் அன்பர்கள் ‘கோய்’ பாட்டில் தொடங்கலாம். அது காலை ஆட வைக்கும். பிறகு ‘பராபரா’வுக்குப் போகலாம். மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். குரலில் ஆடம்பரம் இல்லை. பக்கத்து அறையில் ஒருவர் தமக்குத்தாமே பாடிக்கொள்வது போல இருக்கும். வீட்டில் பேரக் குழந்தைகள் இருந்தால் டோரேமான் பாட்டை அவர்களோடு சேர்ந்தே கேளுங்கள். நமக்குத் தெரியாததை அவர்கள் சொல்லித் தருவார்கள்.